அப்டைம் ஐந்து பேர் என்கிறது, ஹூ இரண்டு பேர் என்கிறது

பல மாதமாக ரீபூட் ஆகாத லினக்ஸ் சேர்வர். எவ்வளவு நேரம் ஓடுகிறது, எத்தனை பேர் உள்ளே என்று காட்டும் அப்டைம் கட்டளையை அடித்தால் ஐந்து பயனர்கள் என்கிறது. உள்ளே இருப்பவர்களைப் பட்டியலிடும் ஹூவை அடித்தால் இரண்டு வரிதான் வருகிறது. டபிள்யூ அடித்தால் ஐந்து வரி, ஆனால் அவற்றில் மூன்றின் கடைசிப் பத்தியில், என்ன கட்டளை ஓடுகிறது என்று காட்டவேண்டிய இடத்தில், வெறும் கோடு. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற பயம்தான் முதலில் வரும். அதைச் சரிபார்க்கத்தான் வேண்டும், ஆனால் பெரும்பாலான வேளைகளில் காரணம் சாதாரணமானது: லொகின் பதிவுகளில் சில, ஆள் போன பிறகும் மூடப்படாமல் நிற்கின்றன.

இதைக் கையாளும்போது ஒரு கேள்விக்கு முதலில் விடை வேண்டும். பதிவு மட்டும்தான் மிச்சமா, அல்லது ஆளில்லாத ஒரு புரோசஸ் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். முதலாவது ஒரு கோப்பில் சில பைட் பிழை. இரண்டாவது கட்டளை அடிக்கத் திறந்து கிடக்கும் ஒரு ஷெல், சிலவேளை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஷெல். புரோசஸைப் பார்க்காமல் பதிவை மட்டும் அழித்தால், திறந்த கதவை மறைத்துவிட்டுப் போகிறீர்கள்.

வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் வாசலில் காவலாளியிடம் ஒரு வருகைப் புத்தகம் இருக்குமே, லொகின் பதிவுகளை வைத்திருக்கும் யூடிஎம்பி கோப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வரும்போது ஒப்பம், போகும்போது ஒப்பம். போகும்போது வைக்காமல் போனவர் புத்தகத்தின்படி இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறார். லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலுக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருபவர்களை உள்ளே விடுவது), லொகின், எக்ஸ்டேர்ம், ஸ்கிரீன் போன்ற புரோகிராம்கள் தாங்களாக எழுதி, தாங்களாக மூடவேண்டும். எழுதியவர் மூடாமல் செத்தால் வேறு யாரும் வந்து மூடமாட்டார்கள்.

கோப்புகள் மூன்று. இப்போது உள்ளே இருப்பவர்களுக்கு /ரன்/யூடிஎம்பி. வந்துபோன வரலாறு முழுவதற்கும் /வார்/லொக்/டபிள்யூடிஎம்பி. தோற்ற முயற்சிகளுக்கு /வார்/லொக்/பீடிஎம்பி. மூன்றும் ஒரே வடிவப் பைனரிப் பதிவுகள். 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் ஒரு பதிவு 384 பைட். அதற்குள் வகை எண், பிஐடி (புரோசஸின் எண்), டெர்மினல் பெயருக்கு 32 பைட், ஒரு குறு அடையாளத்துக்கு 4 பைட், பயனர் பெயருக்கு 32 பைட், வந்த இடத்துக்கு 256 பைட், பிறகு நேரமும் ஐபி முகவரியும். நமக்கு முக்கியம் வகை எண். 7 என்றால் ஆள் உள்ளே. 8 என்றால் போய்விட்டார். யூடிஎம்பியில் லொகவுட் என்பது அதே இடத்தில் இருக்கும் 7-ஐ 8 ஆக்கி, பெயரைத் துடைப்பதுதான். டபிள்யூடிஎம்பியில் துடைப்பது கிடையாது. கடைசியில் புதிய பதிவு ஒன்று சேரும்.

ஆக, 8 எழுதவேண்டிய புரோசஸுக்கு எழுத அவகாசம் கிடைக்காத எல்லா இடத்திலும் 7 தங்கிவிடும். அடிக்கடி நடப்பது கில் -9, அதாவது புரோசஸை உடனே கொல்லும் கட்டளை. அந்த சிக்னலை எந்தப் புரோகிராமும் பிடிக்க முடியாது, ஆகவே துப்புரவு வேலை எதுவும் நடக்காது. நினைவகம் தீர்ந்தபோது கேர்னலின் ஓஓஎம் கில்லர் அடிப்பதும் அதே சிக்னல்தான். டெர்மினல் புரோகிராம் கிராஷ் ஆவது, ஸ்கிரீனை முரட்டுத்தனமாகக் கொல்வது இவையும் உண்டு. பயனர் அனுமதியில் ஓடும் டெர்மினல்களுக்கு யூடிஎம்பியில் எழுத உரிமை கிடையாது. கோப்பு ரூட் பயனருக்கும் யூடிஎம்பி குழுவுக்கும் சொந்தம், அனுமதி 664. அவை யூடெம்ப்டர் என்ற சிறு உதவிப் புரோகிராம் வழியாகத்தான் எழுதும். அதன் குழு உரிமையை யாராவது 'பாதுகாப்புக்காக' நீக்கிவிட்டால், ஏற்கெனவே எழுதிய பதிவுகளை மூட முடியாமல் போகும்.

மின்வெட்டால் யூடிஎம்பி கெடாது. /ரன் நினைவகத்தில் இருப்பதால் பூட் ஆகும்போது புதிதாகத் தொடங்கும். மின்வெட்டு பாதிப்பது டபிள்யூடிஎம்பியை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி அந்த எண்ணிக்கை வித்தியாசம். குனூ கோர்யூட்டில்ஸின் ஹூ, சும்மா அடித்தால், ஒவ்வொரு பதிவின் பிஐடியும் உயிரோடு இருக்கிறதா என்று கேர்னலிடம் கேட்டுவிட்டு, இல்லாதவற்றைக் காட்டாமல் விடும். கோப்பின் பெயரைச் சொல்லி அடித்தால் அந்தச் சோதனையைச் செய்யாது. உள்ளதை அப்படியே காட்டும். புரொக்பிஎஸ் தொகுப்பில் வரும் அப்டைம் எதையும் சோதிப்பதில்லை. வகை 7 எத்தனை என்று எண்ணுகிறது. ஆகவே இந்த இரண்டையும் அடுத்தடுத்து அடியுங்கள்:

ஹூ
ஹூ /ரன்/யூடிஎம்பி

இரண்டாவதில் வந்து முதலாவதில் வராத வரிகள் செத்த பதிவுகள். இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை. கோர்யூட்டில்ஸ் 9.4 முதல் ஹூவையும், புரொக்பிஎஸ் 4.0.4 முதல் டபிள்யூவையும் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடக்கி நடத்தும் அமைப்பு) ஆதரவோடு தொகுக்கலாம். அப்படித் தொகுத்திருந்தால் அவை இந்தக் கோப்பைப் பார்க்காமல், சிஸ்டம்டியில் அமர்வுகளைக் கவனிக்கும் லொகின்டியிடம் கேட்கும். புதிய டிஸ்ட்ரோக்களில் எண்ணிக்கை முரண்பட்டால் முதலில் பதிப்பைப் பாருங்கள்.

இப்போது ஒரு பதிவைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். யூடிஎம்பிடம்ப் என்ற கட்டளை பைனரியை எழுத்தாக்கித் தரும்:

[7] [04312] [டிஎஸ்/3] [கணக்கு1] [பிடிஎஸ்/3] [10.0.4.21] [10.0.4.21] [2025-03-11 03:52:10 +00:00]

முதல் அடைப்பு வகை. அடுத்தது பிஐடி 4312. மூன்றாவது அந்த நான்கு பைட் அடையாளம்: டெர்மினல் பெயர் ஐந்து எழுத்து என்பதால் எஸ்எஸ்எச்டி முதல் எழுத்தை விட்டுக் கடைசி நான்கை வைத்திருக்கிறது. கடைசி அடைப்பில் உள்ள நேரம் யூடிசி. கொழும்பு நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டவேண்டும், ஆகவே இவர் வந்தது காலை 9.22-க்கு. இதைக் கூட்ட மறந்து, 'அதிகாலை நாலு மணிக்கு யார் லொகின் ஆனது?' என்று விசாரணை தொடங்குவது வீண் அலைச்சல். ஹூவும், டபிள்யூடிஎம்பி வரலாற்றைக் காட்டும் லாஸ்டும் உள்ளூர் நேரத்தில் காட்டும். இந்தக் கட்டளை மட்டும்தான் இப்படி.

அடுத்து ஹூ -யூ /ரன்/யூடிஎம்பி. சும்மா இருந்த நேரமும் பிஐடியும் வரும். நேரப் பத்தியில் புள்ளி என்றால் கடந்த ஒரு நிமிடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. 'ஓல்ட்' என்றால் 24 மணிநேரத்துக்கு மேல் அசைவில்லை. கேள்விக்குறி என்றால் /டெவ்/பிடிஎஸ்/3 என்ற சாதனமே இல்லை, அதாவது அந்த டெர்மினல் மூடப்பட்டுவிட்டது. கேள்விக்குறி வந்தால் அது செத்த பதிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்காது.

சாதனம் இருந்தால் இன்னும் ஒரு படி போகவேண்டும். பிஐடி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் நம்பக்கூடாது. பிஐடிகள் திரும்பப் பயன்படும். பழைய வழக்கப்படி உச்ச எண் 32768. வேலை மிகுந்த சேர்வரில் ஒரே நாளில் சுற்று முடிந்துவிடும். 64 பிட் இயந்திரங்களில் இப்போதைய சிஸ்டம்டி அதை 4194304-க்கு உயர்த்திவிடுவதால் இந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது, ஆனால் பழைய சேர்வர்களில் இன்னும் உண்டு. ஆகவே பீஎஸ் கட்டளையில் பிஐடியைக் கொடுத்து எல்ஸ்டார்ட் (தொடங்கிய நேரம்), டிடிவை (டெர்மினல்), ஆர்க்ஸ் (முழுக் கட்டளை) ஆகிய மூன்று பத்திகளையும் கேளுங்கள். புரோசஸ் தொடங்கிய நேரமும் பதிவின் நேரமும் சில விநாடிக்குள் ஒத்துப்போகவேண்டும். பதிவு மார்ச் 11 காலை 9.22 என்று சொல்ல, அந்த பிஐடியில் நேற்று மாலை தொடங்கிய ஏதோ பெக்கப் ஸ்கிரிப்ட் இருந்தால், அது வேறு ஆள். பதிவு செத்ததுதான், ஆனால் ஹூ அதை உயிருள்ளதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

இதனால் நிஜமான சேதம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு: பாம் லிமிட்ஸ், லொகின் அனுமதியைக் கையாளும் பாம் அமைப்பில் வரம்புகளைப் பார்க்கும் மொட்யூல். ஒரு பயனருக்கு இத்தனை லொகின்தான் என்று மெக்ஸ்லொகின்ஸ் வைத்திருந்தால், அந்த மொட்யூல் எண்ணுவது இந்த யூடிஎம்பி பதிவுகளைத்தான். பிஐடி இல்லாத பதிவைக் கண்டால், பழைய யூடிஎம்பி பதிவு, புறக்கணிக்கப்பட்டது என்ற பொருளில் சேர்வரின் பதிவேடான சிஸ்லொக்கில் ஒரு வரி எழுதிவிட்டு எண்ணாமல் விடும். ஆனால் பிஐடி வேறொரு புரோசஸுக்குப் போயிருந்தால் ஏமாந்து எண்ணும். புறக்கோட்டையில் கடைக்கணக்குப் பார்க்கும் பொதுக் கணக்கு ஒன்றுக்கு வரம்பு மூன்று என்று வைத்திருந்தால், இப்படி எண்ணப்படும் இரண்டு செத்த பதிவு போதும். காலையில் இரண்டாவது காசாளர் 'அளவுக்கு மீறிய லொகின்' என்ற செய்தியோடு வெளியே நிற்பார். பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. ஹூ -யூ பார்த்து, மேலே சொன்னபடி பிஐடிகளை பீஎஸ்ஸில் சரிபாருங்கள்.

இனி இரண்டாவது வகை, ஆளில்லாமல் ஓடும் அமர்வு. கொழும்பில் இது அதிகம் வரும் வழி தெரிந்ததுதான். மொறட்டுவையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் வரும்போது போன் ஹொட்ஸ்பொட்டில் லெப்டொப்பை இணைத்து எஸ்எஸ்எச் திறந்திருப்பார். சிக்னல் விட்டு வரும்போது ஐபி முகவரி மாறும், அல்லது லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு இறங்குவார். சேர்வருக்கு எந்தச் செய்தியும் போகாது. அதன் கணக்கில் டிசிபி இணைப்பு இன்னும் நல்ல நிலையில். எஸ்எஸ்எச்டி, அதன் கீழ் பாஷ், அதற்குள் பாதி திருத்திய கோப்போடு விஐ, எல்லாம் உயிரோடு. பதிவும் 7. அந்தப் பதிவு பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

எவ்வளவு நேரம் அப்படி நிற்கும்? லினக்ஸின் இயல்பு அமைப்பில், மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் 7200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் முதல் பொட்டலத்தை அனுப்பும். பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக ஒன்பது. மொத்தம் 7875 விநாடி, அதாவது 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. காலை வந்து சேர்ந்தவர் மீண்டும் லொகின் ஆனால் இரண்டு பேராகத் தெரிவார். மதிய உணவுக்கு முன் ஒருவர் தானாக மறைவார். சேர்வர் பக்கத்திலிருந்து அனுப்பவேண்டிய தரவு ஏதாவது தேங்கியிருந்தால், உதாரணமாக டெயில் -எஃப் ஓடிக்கொண்டிருந்தால், கணக்கு வேறு: மறு அனுப்புகை 15 தடவை தோற்று, ஏறக்குறைய கால் மணிநேரத்தில் இணைப்பு அறுபடும்.

இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை -டி -என் -பீ -ஓ நான்கையும் சேர்த்து, மூல போர்ட் 22 என்று வடிகட்டிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் டைமர் வரும். கீப்அலைவ், 87 நிமிடம் என்று இருந்தால் இன்னும் 87 நிமிடத்தில் முதல் சோதனை போகும் என்று பொருள். அனுப்பியும் மறுமுனை ஏற்காத தரவைக் காட்டும் சென்ட்-கியூ பத்தியில் பூச்சியம் அல்லாத எண் நின்று அசையாமல் இருந்தால் மறுமுனை செத்துவிட்டது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எஸ்எஸ்எச்டி பிஐடியும் அதே வரியில் இருக்கும்.

அதை முடிக்கும் விதத்தில் அவசரம் வேண்டாம். முதலில் அந்த டெர்மினலில் என்ன ஓடுகிறது என்று பீஎஸ் -டி பிடிஎஸ்/3 மூலம் பாருங்கள். டேட்டாபேஸ் மைக்ரேஷனோ, பெரிய கொப்பியோ ஓடினால் உரியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். பிறகு அந்த அமர்வின் எஸ்எஸ்எச்டி புரோசஸுக்கு டேர்ம் சிக்னல், ஒழுங்காக முடித்துக்கொள் என்று சொல்வது. எஸ்எஸ்எச்டி ஷெல்லுக்கு ஹப் (டெர்மினல் போய்விட்டது என்ற சிக்னல்) அனுப்பி, பாம் அமர்வை மூடி, யூடிஎம்பியில் 8 எழுதிவிட்டுப் போகும். விஐ கூட ஹப் கிடைத்ததும் ஸ்வொப் கோப்பைக் காப்பாற்றிவிட்டுத்தான் சாகும். -9 அடித்தால் இவை எதுவும் நடக்காது. ஆளில்லாத அமர்வு ஒன்றைத் தீர்த்து, செத்த பதிவு ஒன்றை உருவாக்கியிருப்பீர்கள். ஓபன்எஸ்எஸ்எச் 9.8 முதல் அமர்வுப் புரோசஸின் பெயர் எஸ்எஸ்எச்டி-செஷன் என்று மாறிவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய் எஸ்எஸ்எச்டியைத் தவறிக் கொல்லும் ஆபத்து இதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எப்படியும் வரியில் பயனர் பெயரும் டெர்மினல் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து அடியுங்கள்.

எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக, இணைப்பு விட்டு வந்தாலும் அறுபடாத மொஷ் பயன்படுத்துபவர்களின் அமர்வுகள் தனி. மொஷ்-சேர்வர் ஆள் திரும்பி வரும்வரை காத்திருப்பதற்காகவே செய்யப்பட்டது, காலவரையறை இல்லாமல் காத்திருக்கும். ஹூவில் 'மொஷ்' என்று பிஐடியோடு தெரியும். லெப்டொப்பை ரீபூட் செய்தவரால் பழைய அமர்வுக்குத் திரும்ப முடியாது, ஆகவே அது அப்படியே கிடக்கும். மொஷ்_சேர்வர்_நெட்வேர்க்_டிஎம்அவுட் என்ற சூழல் மாறியில் விநாடிக்கணக்கு ஒன்று வைத்தால் தானாகப் போய்விடும்; ஒரு வாரத்துக்கு 604800.

இனிச் செத்த பதிவைத் துடைப்பது. பல வேளைகளில் துடைக்கவே வேண்டியதில்லை. கேர்னல் புதிய டெர்மினலுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய எண்ணைக் கொடுக்கும். அடுத்த எஸ்எஸ்எச் லொகின் பிடிஎஸ்/3-க்கு வந்தால், அதே நான்கு எழுத்து அடையாளம் என்பதால் பழைய பதிவின் மேலேயே எழுதப்படும். சிறிய எண்கள் இப்படித் தாமாகக் குணமாகும். மாட்டுவது பிடிஎஸ்/37 போன்ற பெரிய எண்கள். பயிற்சி வகுப்பு ஒன்றில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்த நாளில் உண்டானது, அடுத்த ரீபூட் வரை நிற்கும். வேறொரு புரோகிராம் வேறுவிதமாக அடையாளம் எழுதுவதாலும் ஒரே டெர்மினலுக்கு இரண்டு பதிவு வரக்கூடும்.

இணையத்தில் அதிகம் காணும் வழி, யூடிஎம்பிடம்ப் கொண்டு எழுத்தாக்கி, எடிட்டரில் 7-ஐ 8 ஆக்கி, -ஆர் கொடுத்துத் திரும்பப் பைனரி ஆக்குவது. வேலை செய்யும். ஆனால் இரண்டு குழி உண்டு. நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் யாராவது லொகின் ஆனால், திரும்ப எழுதும்போது அவருடைய பதிவு அழிந்துபோகும். அடுத்தது, புதிய கோப்பை எம்வி மூலம் பழைய இடத்தில் வைத்தால் உரிமையாளரும் குழுவும் மாறிவிடலாம். பிறகு யூடெம்ப்டர் எழுத முடியாமல் நிற்கும். இந்த வழியில்தான் செய்வதென்றால், வேறிடத்தில் உருவாக்கி, உள்ளடக்கத்தை மட்டும் கெட் (கோப்பின் உள்ளடக்கத்தை வெளியிடும் கட்டளை) மூலம் /ரன்/யூடிஎம்பிக்குள் ஊற்றுங்கள். அடைப்புகளுக்குள் உள்ள வெற்றிடங்களைக் குறைக்காதீர்கள். புலங்களின் நீளம் அவற்றில்தான் இருக்கிறது.

இதைவிடச் சுத்தமான வழி சி நூலகத்திலேயே இருக்கிறது. லொகவுட் என்ற ஃபங்ஷன் டெர்மினல் பெயரை வாங்கி, அந்தப் பதிவைத் தேடி, பயனர் பெயரையும் இடத்தையும் துடைத்து, நேரத்தைப் புதுப்பித்து, வகையை 8 ஆக்கும். எழுதும்போது கோப்பைப் பூட்டிக்கொள்வதால் பக்கத்துப் பதிவுகளுக்குச் சேதமில்லை. ஜிலிப்சி 2.34 முதல் இது லிப்சிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் லிப்யூட்டிலில். சி எழுதத் தேவையில்லை. ரூட்டாகப் பைதனைத் திறந்து, சி நூலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் மூலம் லிப்சி.எஸ்ஓ.6-ஐ ஏற்றி, லொகவுட்டுக்கு பிடிஎஸ்/37 என்பதைப் பைட் சரமாகக் கொடுங்கள். முன்னால் /டெவ்/ போடக்கூடாது. 1 திரும்பினால் எழுதியாயிற்று, 0 என்றால் அப்படிப் பதிவு இல்லை, அல்லது உரிமை இல்லை. அழைப்பதற்கு முன் /டெவ்/பிடிஎஸ்/37 இல்லை என்பதை எல்எஸ் போட்டு ஒருமுறை பாருங்கள். அந்த இடத்தில் இப்போது உண்மையான ஆள் இருந்தால் அவருடைய பதிவைத்தான் இது துடைக்கும்.

டபிள்யூடிஎம்பியைத் தொடாதீர்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். லாஸ்ட் கட்டளை செத்த அமர்வுக்கு எதிரே 'போய்விட்டார், லொகவுட் இல்லை' என்ற பொருளில் காட்டும்; மின்வெட்டில் அறுந்ததற்கு 'கிராஷ்' என்று காட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் யூபிஎஸ் தாங்காமல் விழுந்த சேர்வர்களின் பழைய டபிள்யூடிஎம்பியைத் திறந்தால் பக்கம் பக்கமாக அந்தச் சொல்தான். அது அசிங்கமாகத் தெரியலாம், ஆனால் உண்மை. லொகவுட் நேரம் யாருக்கும் தெரியாதபோது நீங்கள் ஒரு நேரத்தை எழுதினால் அது கற்பனை. வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ சேர்வர் பார்ப்பவராக இருந்தால், கணக்காய்வில் அதைப் பதிவழிப்பு என்றுதான் எடுப்பார்கள்.

மின்வெட்டுக்குப் பின் லாஸ்ட் குப்பையான பெயர்களையும் 1970-ஆம் ஆண்டுத் திகதிகளையும் காட்டினால் கோப்பின் அளவை 384-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் பதிவு ஒன்று பாதியில் அறுந்து, அதற்குப் பிறகு எழுதியவை எல்லாம் இடம் நகர்ந்திருக்கின்றன. பிரதி எடுத்து வைத்துவிட்டு, கோப்பைச் சுழற்றிப் புதியது தொடங்குவது நல்லது. ஏஆர்எம் 64 பிட் இயந்திரங்களில் வகுக்கவேண்டிய எண் 400. அங்கே நேரப் புலம் பெரியது. ஆகவே இன்டெல் சேர்வரின் டபிள்யூடிஎம்பியை ஏஆர்எம் கிளவுட் இயந்திரத்துக்குக் கொண்டுபோய் லாஸ்டில் வாசிக்க முடியாது. அளவு சரியாக இருந்து திகதி மட்டும் பிழை என்றால், மதர்போர்ட் பேட்டரி செத்து, நேரம் ஒத்திசைவதற்கு முன் யாரோ லொகின் ஆகியிருக்கிறார்.

சிஸ்டம்டி உள்ள இடங்களில் இன்னொரு பட்டியல் ஓடுகிறது. லொகின்டி அமர்வின் தலைமைப் புரோசஸை நேராகக் கண்காணிப்பதால் கில் -9 அடித்தாலும் அதற்குத் தெரியும். அங்கே தங்குவது வேறுவிதம்: லொகின்சிடிஎல் பட்டியலில் நிலை 'குளோசிங்' என்று நிற்கும். ஆள் போய்விட்டார், ஆனால் லொகவுட் ஆனாலும் நிற்காதபடி அவர் நோஹப் போட்டு விட்ட ஏதோ ஒன்று அந்த அமர்வின் சிகுரூப்பில் (அமர்வின் புரோசஸ்களைக் கேர்னல் சேர்த்து வைக்கும் தொகுதி) இன்னும் ஓடுகிறது. லொகின்சிடிஎல் செஷன்-ஸ்டேட்டஸ் என்று எண்ணைக் கொடுத்தால் மிச்சமிருப்பதை மரமாகக் காட்டும். வேண்டாததென்றால் டேர்மினேட்-செஷன். வேண்டியதென்றால் அதைச் சேவையாக மாற்றி, பயனருக்கு லிங்கர் (அவர் போன பிறகும் அவருடைய சேவைகளை ஓடவிடும் வசதி) இயக்குங்கள்.

அமர்வுப் பட்டியலே புதுப்பிக்கப்படாமல், ஒவ்வொரு எஸ்எஸ்எச் லொகினும் 25 விநாடி தாமதித்தால், புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான டி-பஸ்ஸை யாரோ ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். லொகின்டிக்கு அதனோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. பாம் கேட்டுக் கேட்டு, டி-பஸ்ஸின் இயல்புக் காலவரையறை முடியும்வரை நிற்கிறது. லொகின்டியையும் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். வரைகலைத் திரையில் ஆட்கள் வேலை செய்யும் இயந்திரமாக இருந்தால் அதை வேலை நேரத்தில் செய்யவேண்டாம்.

தடுப்புக்கு எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்கில் இரண்டு வரி: கிளையன்ட்அலைவ்இன்டர்வெல் 60, கிளையன்ட்அலைவ்கவுண்ட்மெக்ஸ் 5. ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால் எஸ்எஸ்எச்டி தானே ஒழுங்காக மூடும். மூன்று நிமிடத்துக்குக் கீழே போகாதீர்கள். ரயிலில் சிக்னல் விட்டு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் அறுபடுவார்கள். கவுண்ட்மெக்ஸை 0 ஆக்கினால் 8.2 பதிப்பு முதல் துண்டிப்பே நடக்காது; பழைய வழிகாட்டிகளில் அந்த 0 இன்னும் இருக்கிறது. எஸ்எஸ்எச்டி -டி (சிறிய எழுத்து) போட்டு கொன்ஃபிக்கைச் சோதித்த பிறகே ரீலோட். பாஷின் டிஎம்அவுட் மாறியும் உதவும், ஆனால் ஷெல் வரியில் சும்மா நிற்பவரை மட்டும்தான் அது வெளியேற்றும். விஐக்குள் இருப்பவரைத் தொடாது.

லினக்ஸ் அல்லாதவற்றில் பெயர்கள் மாறும். ஃப்ரீபிஎஸ்டியில் 9.0 முதல் கோப்பு /வார்/ரன்/யூடிஎக்ஸ்.அக்டிவ். கெட்என்ட் யூடிஎம்பிஎக்ஸ் அக்டிவ் என்று அடித்தால் ஒவ்வொரு பதிவின் அடையாளமும் வரும். அதை யூடிஎக்ஸ் ஆர்எம் கட்டளைக்குக் கொடுத்தால் துடைத்துவிடும், கைவேலை தேவையில்லை. சோலாரிஸில் யூடிஎம்பிடி என்ற டீமன் செத்த பிஐடிகளைத் தேடிச் சுத்தம் செய்கிறது. பதிவுகள் தேங்கினால் அந்த டீமன் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏஐஎக்ஸில் அக்கவுன்டிங் தொகுப்பின் எஃப்டபிள்யூடிஎம்பி எழுத்தாக்கித் தரும். அல்பைன் லினக்ஸில் ஹூ எப்போதும் வெறுமையாக வந்தால் அது கோளாறு அல்ல. அது பயன்படுத்தும் மசல் என்ற சி நூலகத்தில் இந்த ஃபங்ஷன்கள் பெயருக்குத்தான் உள்ளன.

384 பைட் பதிவின் நேரப் புலம் 32 பிட். அது 2038 ஜனவரி 19, கொழும்பு நேரம் காலை 8.44-க்கு நிரம்பிவிடும். அதனால்தான் டிஸ்ட்ரோக்கள் இந்தக் கோப்புகளைக் கைவிடத் தொடங்கியிருக்கின்றன. 2025-இல் வந்த டெபியன் 13-இல் பழைய லாஸ்டும் லாஸ்ட்லொக்கும் இல்லை. அந்த இடத்தில் டபிள்யூடிஎம்பிடிபியும் லாஸ்ட்லொக்2-உம், தரவு எஸ்கியூலைட் கோப்பில். லாஸ்டின் வெளியீட்டை அறுத்து அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது வைத்திருந்தால், மேம்படுத்துவதற்கு முன் அதைத் தேடிப் பிடியுங்கள்.